வறண்ட தோட்டத்தில் அழகுப் புல்: தாராபுரம் பக்கம் எது தாங்கும், எப்படி வளர்ப்பது?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தாராபுரத்துக்குப் பக்கத்தில் பத்து சென்ட் இடத்தில் வீடு. முன்புறம் ஆயிரம் சதுர அடிக்குக் கொரியன் புல்தரை போட்டிருக்கிறார்கள், அது ஒவ்வொரு கோடையிலும் காய்ந்துவிடுகிறது. மேலே செம்மண், ஓர் அடிக்குக் கீழே சுக்கான், அதாவது கெட்டியான சுண்ணாம்புக் கல் படிவம். போர் தண்ணீர் உப்பு. புல்தரையை எடுத்துவிட்டு, காற்றில் ஆடுகிற உயரமான அழகுப் புற்களை வைக்கலாமா? எவை தாங்கும்? பாம்பு வருமா?

தாராளமாக வைக்கலாம். உங்கள் பகுதி மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் இருக்கிறது. ஆண்டுக்குச் சுமார் 600 மில்லிமீட்டர் மழை, அதில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில். பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனியிலிருந்து ஆவணி வரை விடாமல் அடிக்கிற காற்று. பூச்செடிகளுக்கு இது கஷ்டமான இடம். தூர் கட்டி வளரும் புல்லுக்கு இதுவே சொந்த வீடு. அந்தக் காற்றுதான் ரோஜாவைக் கருக்குகிறது, அதே காற்றுதான் புல் தோட்டத்துக்கு அழகையும் கொடுக்கிறது.

முதலில் தண்ணீர்க் கணக்கைப் பார்த்துவிடுவோம். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் தண்ணீர் என்றால் ஒரு லிட்டர். கோடையில் புல்தரை பச்சையாக இருக்க நாளுக்கு 4 முதல் 5 மில்லிமீட்டர் வேண்டும். ஆயிரம் சதுர அடி என்பது சுமார் 93 சதுர மீட்டர். ஆக ஒரு நாளைக்கு 370 முதல் 465 லிட்டர், மாதத்துக்கு ஒரு 12,000 லிட்டர் லாரித் தண்ணீர். அதே இடத்தில் நடைபாதை போக 70 தூர் புல் வைத்து, வேர் பிடித்த பிறகு கோடையில் 15 நாளுக்கு ஒருமுறை தூருக்கு 10 லிட்டர் விட்டால் மாதம் 1,400 லிட்டரில் முடிந்துவிடும். அதையும் விடாமல் போனால் புல் பழுத்து வைக்கோல் நிறத்துக்கு வரும், சாகாது.

சாகாததற்குக் காரணம் அதன் உடலமைப்பு. மற்ற செடிகளுக்குக் குருத்து உச்சியில் இருக்கும், புல்லுக்கு அது தரையை ஒட்டித் தூருக்குள் ஒளிந்திருக்கும். மாடு மேய்ந்தாலும், வெயில் இலையைக் காய்ச்சினாலும், அந்தக் குருத்து பிழைத்திருந்தால் முதல் மழைக்குத் தளிர்த்துவிடும். வெயில் ஏறும்போது இலையைச் சுருட்டிக்கொண்டு நீர் ஆவியாவதைக் குறைக்கும் வகைகளும் உண்டு. சோளம், மக்காச்சோளம், கரும்பு போலவே இந்த வெப்பநாட்டுப் புற்களும் குறைந்த நீரில் அதிக இலை உருவாக்கும் வகையைச் சேர்ந்தவை. அதனால் கோடையில் புல் பழுப்பதை நோயென்று நினைக்க வேண்டாம். அது ஓய்வு. காய்ந்த தூரின் பொன்னிறத்தை ரசிக்க மனம் ஒப்பினால் மட்டும் இந்தத் தோட்டத்தில் இறங்குங்கள். வருடம் முழுவதும் பச்சைதான் வேண்டும் என்றால் இது உங்களுக்கு ஏற்றதல்ல.

எதை நடுவது என்று நர்சரிக்குப் போகும் முன், உங்கள் ஊரைச் சுற்றியுள்ள கொறங்காடுகளை, அதாவது வேலி போட்ட மேய்ச்சல் நிலங்களைப் போய்ப் பாருங்கள். காங்கேயம், மூலனூர், வெள்ளகோவில் பக்கம் வளர்ந்தவர்களுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. முள்கிளுவை வேலி, நடுநடுவே வெள்வேல மரம், கீழே கொழுக்கட்டைப் புல். காங்கேயம் மாடுகள் தலைமுறை தலைமுறையாக மேய்ந்த நிலம் அது. அங்கே யாரும் புல்லுக்குத் தண்ணீர் பாய்ச்சுவதில்லை. வானம் கொடுத்ததை வைத்துக்கொண்டு அது ஆண்டுக்கணக்காக நிற்கிறது. உங்கள் தோட்டத்துக்கான மாதிரி வெளிநாட்டுப் படத்தில் இல்லை, வேலிக்கு அந்தப் பக்கத்தில் இருக்கிறது என்பதுதான் நான் சொல்ல வருவது. கொறங்காட்டை அழகுத் தோட்டமாக யாரும் பார்க்காதது எனக்குப் பெரிய வருத்தம்.

ஆகவே என் முதல் தேர்வு கொழுக்கட்டைப் புல். இரண்டரை, மூன்று அடி உயரம் வரும். மழை முடிந்ததும் நுனியில் விரல் நீளத்துக்குப் பஞ்சு போன்ற கதிர்கள் எழும், சாம்பலும் இளம் ஊதாவும் கலந்த நிறம். மாலை வெயில் பின்னாலிருந்து பட்டால் ஒவ்வொரு கதிரும் ஒளிரும். இதிலேயே நீலக் கொழுக்கட்டை என்று ஒன்று உண்டு. கோவை வேளாண் பல்கலைக்கழகம் தீவனத்துக்காகக் கோ 1 என்ற பெயரில் வெளியிட்டது. இலையில் நீலப்பச்சைச் சாயல் இருக்கும். தீவனப் பயிர் என்பதால் அழகுச்செடி நர்சரிகளில் கிடைப்பது அரிது, தீவன விதை விற்கும் இடங்களில் கேட்க வேண்டும்.

இதன் விதையில் ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். புதிதாக உதிர்ந்த விதை உடனே முளைக்காது, சில மாதம் உறங்கும். மார்கழி, தையில் கதிரைக் கையால் உருவிச் சேகரித்து, துணிப்பையில் போட்டு நிழலில் வைத்துவிடுங்கள். புரட்டாசியில் விதைக்கும்போது உறக்கம் கலைந்திருக்கும். விதை பஞ்சு மாதிரி பறக்கும், மணலோடு பிசறித் தூவி, மேலாக மண் மூடினால் போதும். ஆழமாகப் போட்டால் வராது. அவசரமென்றால் மழைக்காலத்தில் நிலத்துக்காரரிடம் கேட்டு ஒரு தூரைக் கிளப்பி, வேரோடு கூடிய சிறு துண்டுகளாக, அதாவது கரணைகளாகப் பிரித்து நடலாம். அதுதான் சீக்கிரம் பிடிக்கும்.

இரண்டாவது வெட்டிவேர். ஐந்து, ஆறு அடி உயரத்தில் நீரூற்று போல் இலை வளைந்து விழும். வேர் பக்கவாட்டில் பரவாமல் நேராகக் கீழே போகும், நல்ல மண்ணில் 3 மீட்டர் வரைகூட இறங்கும். உங்கள் சுக்கானில் அவ்வளவு போகாது, ஆனால் வெடிப்பு கிடைத்த இடத்தில் நுழைந்துகொள்ளும். உப்புத் தண்ணீரையும் மற்றப் புற்களைவிட நன்றாகத் தாங்கும். தென்னிந்திய வகைகள் பெரும்பாலும் முளைக்கும் விதை வைப்பதில்லை, எனவே நட்ட இடத்தை விட்டு எங்கும் போகாது. மைசூர்ப் பக்கம் குண்டலுப்பேட்டையில் விவசாயிகள் வயல் எல்லையாக இதை நெடுங்காலமாக நட்டுவந்திருக்கிறார்கள். 1980களில் உலக வங்கி மண் அரிப்பைத் தடுக்க இதை எடுத்துப் பரப்பியபோது அந்த வேலிகள்தான் சாட்சியாக இருந்தன. உங்கள் இடத்தில் மேற்கு எல்லை ஓரமாக, காற்றுத் தடுப்பாக ஒரு வரிசை வையுங்கள். வேலியாக வேண்டுமென்றால் அரை அடிக்கு ஒரு கரணை, தனித்தனித் தூராகத் தெரிய வேண்டுமென்றால் மூன்று அடி இடைவெளி. கடலூர்ப் பக்கம் வேருக்காகச் சாகுபடி செய்பவர்களிடம் நாற்று கிடைக்கும்.

எலுமிச்சைப் புல்லுக்கு இவற்றைவிடக் கொஞ்சம் தண்ணீர் கூடுதலாக வேண்டும். பாத்திரம் கழுவும் இடத்துக்குப் பக்கத்தில் இரண்டு தூர் வைத்தால் போதும்.

ஊசிப்புல்லைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கரட்டு நிலங்களில் அதைப் பார்த்துவிட்டு ஆசைப்படாதவர்கள் குறைவு. காய்ந்ததும் செம்பு நிறத்தில் மலைச்சரிவே பற்றி எரிவதுபோல் இருக்கும். ஆனால் அதன் விதையின் நுனி கூர்மையானது, பின்னால் முறுக்கிய வால் உண்டு. ஈரம் பட்டால் வால் முறுக்கவிழும், காய்ந்தால் மறுபடி முறுக்கும். இப்படிச் சுழன்று சுழன்று விதையை மண்ணுக்குள் தள்ளுகிறது. மண் கிடைக்காவிட்டால் வேட்டியையும் சாக்ஸையும் ஆட்டுத் தோலையும் துளைக்கும். வீட்டில் குழந்தைகளோ நாயோ இருந்தால் முன்வாசலில் வேண்டாம். கடைசி வேலியோரம், யாரும் நடக்காத பாறை இடுக்கு இருந்தால் மட்டும் வையுங்கள்.

மயில்கொண்டைப் புல்லை யாரும் நட வேண்டியதில்லை, தானாக வந்துவிடும். ஊதா நிறக் கொண்டை கண்ணுக்கு அழகு. அங்கங்கே விட்டுவைத்து, விதை முற்றும் முன் பிடுங்கிக்கொண்டே இருந்தால் கட்டுக்குள் இருக்கும்.

நாணலும் தர்ப்பையும் வேண்டாம் என்பேன். இரண்டும் தரைக்கடியில் கிழங்குபோல் ஓடிப் பரவும், பத்து சென்ட் இடத்துக்கு அடங்காது. நர்சரியில் மோண்டோ கிராஸ், லிரியோப் என்று தருவது உண்மையில் புல் இனமே இல்லை, நிழலும் ஈரமும் கேட்பவை. பாம்பாஸ் புல்லின் வெள்ளைக் குஞ்சம் படத்தில் மயக்கும், நம் சமவெளி வெயில் அதற்கு ஒத்துவராது.

இனி நர்சரிக்காரர் கட்டாயம் காட்டப்போகும் ஃபவுண்டன் கிராஸ். பென்னிசெட்டம் என்றும் சொல்வார்கள். இதில் இரண்டு வகை வருகிறது. ஊதா இலை வகை பெரும்பாலும் மலடு, தூர் பிரித்துத்தான் பெருக்குகிறார்கள். வாரம் ஒருமுறை தண்ணீர் கொடுக்க முடிந்தால் ஐந்தாறு தூர் வைக்கலாம், கொழுக்கட்டைப் புல்லின் சாம்பலுக்கு நடுவே அந்த ஊதா எடுப்பாக இருக்கும். பச்சை இலையும் வெளிர் இளஞ்சிவப்புக் கதிருமாக இருக்கும் வகையை மட்டும் வாங்காதீர்கள். அதன் விதை காற்றில் பறந்து முளைக்கும். வட ஆப்பிரிக்கா, மேற்காசியப் பகுதிகளைச் சேர்ந்த அந்தப் புல்லை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அழகுக்காக ஹவாய்க்குக் கொண்டுபோனார்கள். அது பெரிய தீவின் எரிமலைக் குழம்பு இறுகிய நிலங்களில் பரவி, காய்ந்து, காட்டுத்தீக்கு எரிபொருளாகிவிட்டது. எரிந்த பிறகு முதலில் துளிர்ப்பதும் அதுதான், அங்கிருந்த மரங்களால் அப்படி மீள முடியவில்லை. அதனிடம் இடத்தை இழந்த ஹவாய் மக்களின் கூரைப் புல் எது தெரியுமா? நம் கரட்டில் வளர்கிற அதே ஊசிப்புல்தான்.

கதைக்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. நம் கொழுக்கட்டைப் புல்லை மாட்டுத் தீவனத்துக்காக அமெரிக்காவின் அரிசோனாவுக்குக் கொண்டுபோய் விதைத்தார்கள். இன்று அங்கே பாலைவனத்தில் நிற்கும் சகுவாரோ கள்ளிகளுக்கு நடுவே பரவி, தீ அரிதாகவே எழும் அந்த நிலத்துக்குத் தீயைக் கொண்டுவந்துவிட்டது. தன்னார்வலர்கள் கடப்பாரையோடு போய்த் தோண்டி எடுக்கிறார்கள். நம் ஊரில் அதை மேய மாடு இருக்கிறது, விதையைக் கொறிக்கச் சில்லைக் குருவி இருக்கிறது, அதோடு பழகிய மரஞ்செடிகள் இருக்கின்றன. அங்கே அந்தச் சமநிலை இல்லை. ஒரு புல் நல்லதா கெட்டதா என்பதை அது நிற்கும் இடத்தை விட்டுவிட்டுப் பேச முடியாது. அதனால்தான் உள்ளூர்ப் புல்லை முதலில் சொல்கிறேன்.

நடவுக்கு வருவோம். காலம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கும். ஆடியில் நட்டால் காற்று இளங்கரணையை உறிஞ்சி எடுத்துவிடும். உங்கள் மானாவாரிக்காரர்கள் பார்க்கிற புரட்டாசி விதைப்புப் பட்டம்தான் இதற்கும் பட்டம். புரட்டாசி கடைசியில் நட்டால் வடகிழக்குப் பருவமழை தொடங்கும்போது கரணை வேர்விடத் தயாராக இருக்கும். இரண்டு மாத மழையில் வேர் இறங்கிவிட்டால் அடுத்த கோடையைத் தாண்டிவிடும்.

அதற்கு முன் ஆவணியில் பழைய புல்தரையைச் செதுக்கி எடுத்துவிடுங்கள். அதில் அருகு கலந்திருந்தால் வேர்முடிச்சு ஒன்று விடாமல் பொறுக்க வேண்டும். இந்த வேலையில் அவசரப்பட்டால் பிறகு வருடக்கணக்கில் தூருக்குள்ளிருந்து அருகைப் பிடுங்கிக்கொண்டிருக்க நேரும். தூர் வரும் இடத்தில் ஒன்றரை அடிக் குழி எடுங்கள், சுக்கானைக் கடப்பாரையால் உடைத்து விடுங்கள். உடைத்த கல்லை வெளியே எடுத்து, செம்மண்ணையே திருப்பிப் போடுங்கள். தொழுவுரம் ஒரு கைப்பிடிக்கு மேல் வேண்டாம், யூரியா வேண்டவே வேண்டாம். ஊட்டம் அதிகமானால் புல் மளமளவென்று வளர்ந்து, தண்டு நெகிழ்ந்து, முதல் காற்றுக்கே படுத்துவிடும். மெலிந்த மண்ணில்தான் அது நிமிர்ந்து நிற்கும்.

கரணையின் இலையை முக்கால் அடிக்கு வெட்டிவிட்டு, வேரையும் இரண்டு மூன்று அங்குலம் விட்டுக் கத்தரித்து, தூர்க்கழுத்து மண் மட்டத்துக்கு வரும்படி நட்டு மிதித்துவிடுங்கள். கழுத்து புதைந்தால் மழையில் அழுகும். சுற்றிலும் வட்டப்பாத்தி. முதல் வருடம் தென்னை மட்டையை மூடாக்காகப் போடலாம், உங்கள் பக்கம் அதற்குப் பஞ்சமில்லை. ஆனால் கழுத்திலிருந்து அரை அடி தள்ளி, கறையான் வருகிறதா என்று அவ்வப்போது புரட்டிப் பார்த்துக்கொண்டு. இரண்டாம் வருடம் மூடாக்கை எடுத்துவிட்டு ஜல்லியோ கூழாங்கல்லோ பரப்பிக்கொள்ளலாம்.

தண்ணீர் விஷயத்தில் பழக்கத்தை மாற்ற வேண்டும். தினமும் ஹோஸ் பிடித்து மேலாக நனைப்பது வேரை மேலேயே தங்க வைத்துவிடும், உப்பும் மேல்மண்ணிலேயே படியும். வேர் பிடிக்கும் வரை மழை இல்லாத வாரத்தில் ஒரு தடவை, பாத்தி நிரம்ப. முதல் கோடையில் பத்து நாளுக்கு ஒரு தடவை. அதற்குப் பிறகு மாதம் இரண்டு தடவை, அதுவும் பச்சையை நீட்டிக்க வேண்டும் என்றால் மட்டும். உப்புத் தண்ணீரில் சொட்டுநீர்க் குழாய் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும், எழுபது தூருக்குப் பாத்தியே வசதி. இலை நுனி கருகினால் உப்பு சேர்கிறது என்று பொருள். கூரை மழைநீரை அந்தப் பாத்திகள் பக்கம் திருப்பிவிடுங்கள், ஒரு நல்ல மழை கழுவிவிடும்.

வெட்டுவது வருடத்துக்கு ஒருமுறைதான், ஆனால் எப்போது என்பது முக்கியம். பங்குனி, சித்திரையில் காய்ந்து நிற்பதைப் பார்த்து அரிவாளை எடுத்துவிடாதீர்கள். காய்ந்த இலைதான் அந்த வெயிலில் தூருக்கு நிழல். கோடைமழை நன்றாகப் பெய்து, பின்னால் இரண்டு தண்ணீர் விடவும் உங்களால் முடியும் என்றால் அப்போது வெட்டலாம். இல்லாவிட்டால் ஆவணிக் கடைசிவரை பொறுத்திருங்கள். கருக்கரிவாளால் தரைக்கு அரை அடி விட்டு அறுத்தால், ஐப்பசி மழைக்குப் புதுத் தளிர் ஒன்றுபோல வரும். அறுக்கும்போது கையுறை போடுங்கள், வெட்டிவேர் இலை விளிம்பு கையைக் கிழிக்கும். அப்படி அறுத்துவிட்டால் தீபாவளிக்குப் பட்டாசு வெடிக்கும்போது தோட்டத்தில் காய்ந்த புல் இருக்காது. தீயைப் பற்றி நான் விளையாட்டாகச் சொல்லவில்லை. வீட்டுச் சுவரிலிருந்தும் கேஸ் சிலிண்டர் வைக்கும் இடத்திலிருந்தும் இரண்டு மீட்டராவது தள்ளி நடுங்கள். குப்பை கொளுத்தும் பழக்கம் தெருவில் இருந்தால் அந்தப் பக்கம் புல்லே வேண்டாம், ஆவாரையும் கற்றாழையும் வையுங்கள். ஆவாரையின் மஞ்சள் இந்தப் புற்களோடு அருமையாகச் சேரும்.

மூன்று, நான்கு வருடத்தில் தூரின் நடு காய்ந்து வளையம்போல் ஆகும். மழை தொடங்கியதும் முழுத்தூரையும் கிளப்பி, நடுவை எறிந்துவிட்டு, ஓரத்துக் கரணைகளை மறுபடி நடுங்கள்.

இப்போது பாம்பு. பயம் நியாயமானது. உங்கள் பகுதியில் கண்ணாடி விரியனும் சுருட்டை விரியனும் உண்டு, இரண்டும் விஷமுள்ளவை. ஆனால் பாம்பு எலியையும் தவளையையும் மறைவிடத்தையும் தேடி வருகிறது. தூருக்குத் தூர் மூன்று அடி விட்டு, நடுவில் வெறும் தரை தெரியும்படி வைத்தால், கவனிக்காமல் விட்ட பார்த்தீனியப் புதரைவிட அது எவ்வளவோ மேல். வாசலிலிருந்து வீட்டுக்கு வரும் பாதை நான்கு அடி அகலம் இருக்கட்டும், அதன் இரு ஓரத்திலும் இரண்டடிக்கு மேல் எதுவும் வளர வேண்டாம். உயரமான வெட்டிவேர் வேலியோரத்தில் மட்டும். செங்கல், மட்டை, விறகு எதையும் தோட்டத்தில் அடுக்கி வைக்காதீர்கள், கோழித்தீவனம் சிந்த விடாதீர்கள். இரவில் டார்ச், காலில் செருப்பு போதாது, ஷூ வேண்டும். ஒருவேளை கடித்துவிட்டால் கீறுவது, இறுக்கிக் கட்டுவது எதுவும் செய்யாமல் நேராக அரசு மருத்துவமனைக்குப் போங்கள், விஷமுறிவு மருந்து அங்கே இருக்கும். இரண்டு வயதுக் குழந்தை முற்றத்தில் விளையாடும் வீடு என்றால், குழந்தை கொஞ்சம் வளரும் வரை கொழுக்கட்டைப் புல்லை மட்டும் வைத்துக்கொண்டு உயரமானதைத் தள்ளிப்போடச் சொல்வேன்.

வீட்டில் யாருக்காவது ஆஸ்துமா இருந்தால் இன்னொன்று: புல்லின் மகரந்தம் காற்றில் பறப்பது. படுக்கையறை ஜன்னலுக்குக் காற்று வரும் திசையில் நட வேண்டாம்.

பக்கத்து ஆடுகளுக்குக் கொழுக்கட்டைப் புல் விருந்து. முதல் வருடம் முள்கிளுவைப் போத்துகளை (வெட்டிய கிளைகளை) மழைக்காலத்தில் வேலியாக ஊன்றிவிடுங்கள், அதுவரை ஒரு வலைக்கம்பி போதும். வேலியும் புல்லும் ஒரே மழையில் வேர்பிடிக்கும். இப்போதே செய்ய வேண்டியது, கொறங்காடு வைத்திருக்கும் ஒருவரிடம் பேசி மார்கழியில் கதிர் உருவிக்கொள்ளச் சம்மதம் வாங்குவது. வெட்டிவேர் நாற்றுக்கு ஆடியிலேயே சொல்லி வைத்தால் புரட்டாசியில் கைக்கு வந்துவிடும்.